மகளுக்குத்தான் கேட்கிறேன்

இரண்டு சனிக்கிழமைகளுக்கு முன்பு, மொன்றியல் தீவின் முனையில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் இருக்கிற விவசாய வளாகத்தில் திறந்த நாள். பல்கலைக்கழகம் கதவைத் திறந்துவைத்து, வந்து பாருங்கள், பிடித்தால் சேருங்கள் என்று பிள்ளைகளையும் பெற்றோரையும் அழைக்கிற நாள். நாங்கள் மூன்று பேரும் போயிருந்தோம் — நான், என் கணவர், பதினெட்டு வயது மகள் அபி.

வாசலில் பச்சை டீ-சேர்ட் போட்ட ஒரு மாணவன் நின்றான். அபியைப் பார்த்துச் சிரித்து, எந்தத் துறையில் ஆர்வம் என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

"மண்" என்றார் என் கணவர்.

மாணவன் அபியைப் பார்த்தான். அபி என்னைப் பார்த்தாள். நான் யாரைப் பார்ப்பது? மேசையில் அடுக்கியிருந்த இலவசப் பேனாக்களைப் பார்த்தேன்.

நம்மவர்கள் திறந்த நாளுக்குப் போகிற அழகை நீங்கள் கவனித்திருக்கிறீர்களா? கவனித்திருக்க மாட்டீர்கள்... நீங்களும் அப்படித்தானே போகிறீர்கள். அப்பா முன்னால் நடப்பார். எல்லாக் கேள்வியையும் அவரே கேட்பார் — படித்து முடித்தால் வேலை நிச்சயமா, சம்பளம் எப்படி, இதிலிருந்து மருத்துவத்துக்குத் தாவ வழி இருக்கிறதா. அம்மா ஒரு துணிப்பையை வாங்கி, பேனா, ஒட்டுப்படம், தண்ணீர்ப் போத்தல் என்று கிடைத்ததையெல்லாம் அதற்குள் போடுவார். படிக்கப்போகிற பிள்ளை மட்டும் நாலடி தள்ளி, போனைப் பார்த்தபடி, இவர்கள் யாரோ நான் யாரோ என்கிற முகத்தோடு நிற்கும்.

எங்கள் வீட்டில் மட்டும் கதை வேறு. கேள்வி கேட்கிற வேலை என்னுடையது. இவர் வாயே திறக்கமாட்டார். பல்கலைக்கழகத்துக்கு முன் இங்கே படிக்கிற கல்லூரியில் அபியைச் சேர்க்கப் போனபோதுகூட, நீர் போய்க் கேட்டுவிட்டு வாரும் என்று என்னை அனுப்பிவிட்டு, பார்க்கிங்கில் காருக்குள்ளேயே இருந்தார். அப்படிப்பட்ட மனிதர் யாரும் கேட்காமலே 'மண்' என்கிறார்.

அபிக்கும் மண்ணுக்கும் என்ன சம்பந்தம்? அவளுக்கு அனிமேஷன் படிக்கவேண்டும். வீட்டில் இருந்த ஒரே பூச்சட்டியும் போன கோடையில் அவள் தண்ணீர் ஊற்ற மறந்து செத்துப்போனது. முந்தின நாள் காலைதான் இவர் திடீரென்று, அங்கே ஒரு திறந்த நாளாம், சும்மா ஒருக்காப் பார்ப்போம், கிட்டத்தானே, பார்க்கிங்கும் ஃப்ரீ என்று தொடங்கினார். மத்தியானம் உருளைக்கிழங்குப் பொரியலில் சீஸ் போட்டுத் தருகிற பூட்டின் ஒரு பெரிய தட்டு வாங்கித் தருவதாகப் பேசி முடித்த பிறகுதான் அபி காரில் ஏறினாள்.

இந்தப் பத்திரிகைப் பத்தியில் இவர், இவர் என்று எழுதுகிறேனே — பெயர் போடக்கூடாது என்று கட்டளை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். மொன்றியலில் என்னைத் தெரிந்த எல்லோருக்கும் இவரைத் தெரியும். ஆனாலும் கட்டளை கட்டளைதான்.

இவர் மட்டக்களப்புப் பக்கம், நான் யாழ்ப்பாணம். சந்தித்தது, கலியாணம் கட்டியது எல்லாம் இங்கேதான். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய களஞ்சியத்தில் இவருக்கு வேலை. கன்டெய்னரில் வருகிற சாமான்களை ஃபோர்க்லிஃப்டில் இறக்கி அடுக்கவேண்டும். வீடு டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில், வேலை தீவின் மற்றப் பக்கத்தில். பனி கொட்டினால் நாற்பதாம் நெடுஞ்சாலையில் கார் நகராது. அதற்காக ஒருநாளும் அலுத்துக்கொண்டதில்லை.

எங்களுக்குக் கலியாணம் பேசியபோது ஒரு வரி சொன்னார்கள். கம்பஸில் விவசாயம் படித்துக்கொண்டிருந்தவர், சண்டையால் இடையில் நின்றுபோனது. அவ்வளவுதான். எங்கள் தலைமுறையில் எத்தனை பேருடைய கதையில் அந்த வரி இருக்கிறது? எனக்குத் தெரிந்த பாதிப்பேர் எதையோ இடையில் விட்டவர்கள்தான். அதனால் நான் மேலே ஒன்றும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

இனி எங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். காலையில் சென்-ரெஜி வீதியில் இருக்கிற முருகன் கோயில். பூசை முடிந்து வெளியே வந்தால் வீட்டுக்கு இடப்பக்கம் திரும்பவேண்டும். எங்கள் கார் வலப்பக்கம் திரும்பும். காற்று வாங்கிவிட்டு வருவோம் என்பார். தீவின் மேற்கு முனையில் சென்ட்-ஆனுக்குப் போவோம். தண்ணீரோரம் பலகை நடைபாதை, நீர்மட்டத்தோடு படகுகள் ஏறி இறங்குகிற கால்வாய், ஒரு ஐஸ்கிரீம் கடை. அபி தள்ளுவண்டியில் இருந்த காலத்தில் தொடங்கிய பழக்கம்.

போகிற வழியில் அந்த விவசாய வளாகத்தின் வயல்கள் வரும். அந்த இடத்தில் மட்டும் இவர் காரை ஊரவிடுவார். பின்னால் வருகிறவன் ஹோர்ன் அடிப்பான். 'என்னப்பா, பெட்ரோல் முடிஞ்சுதோ?' என்று நான் கேட்பேன். இவர் சிரிப்பார். எல்லாம் அந்தப் பிஸ்தா ஐஸ்கிரீமுக்காகத்தான், சாப்பிடப்போகிற சந்தோஷத்தில் மனிதர் நிதானமாகிவிடுகிறார் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். இவருக்குப் பிஸ்தா என்றால் உயிர்.

இந்தக் கதையில் இன்னொருவரும் இருக்கிறார். இவருடைய தங்கை ராஜி.

ராஜி டென்மார்க்கில் இருக்கிறாள். சிறுமியாகப் போனவள். முதியோர் இல்லத்தில் வேலை செய்துகொண்டே படித்தாள். பிறகு வேலையை மாற்றி, திரும்பவும் படித்தாள். இப்போது ஒரு நகரசபையில் வளர்ந்தவர்களின் கல்வியைப் பார்க்கிற பிரிவில் இருக்கிறாள். மொன்றியல் டவுன்டவுனில் வாழ்நாள் கல்வி பற்றி இரண்டு நாள் கூட்டம். கல்வியிலும் தொழிற்பயிற்சியிலும் ஐரோப்பிய நாடுகள் எவற்றுக்கு முன்னுரிமை கொடுக்கின்றன என்று பேச அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். ஹோட்டலில் தங்காமல் எங்கள் பேஸ்மென்டில் தங்கினாள்.

திறந்த நாளுக்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை பின்னேரம், எங்கள் சாப்பாட்டு மேசையில்தான் ஒத்திகை. புட்டுக்கும் மீன் குழம்புக்கும் நடுவில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ராஜி விளக்கினாள். முன்பெல்லாம் சின்ன வயதில் படிப்பு, பிறகு வேலை, பிறகு ஓய்வு என்று மனிதருடைய ஆயுளை மூன்றாக நறுக்கிவைத்திருந்தார்கள். இப்போது அப்படி இல்லையாம். எந்த வயதிலும் படிப்பது ஒவ்வொருவருடைய உரிமை என்று எழுதி ஒப்புக்கொண்டிருக்கிறார்களாம். பழைய வேலைகள் போகின்றன. கணினியும் பசுமைத் தொழில்களும் புது வேலைகளைக் கொண்டுவருகின்றன. ஆட்களைத் தூக்கி எறியாமல் புதிதாகப் பழக்கவேண்டும். வேலை செய்கிறவர் படிக்க லீவு வேண்டும், செலவுக்கு வழி வேண்டும். வேலையில் பழகிய அனுபவத்தையும் எடைபோட்டுப் படிப்போடு சேர்க்கவேண்டும்...

"எங்களிட்டையும் முன்னுரிமை இருக்கு மச்சாள்" என்றேன் நான். "முதலாவது, மூத்த பிள்ளையின்ர படிப்பு. ரெண்டாவது, இளைய பிள்ளையின்ர படிப்பு. எங்களுக்கு ஒண்டுதான் பிள்ளை எண்டபடியா பாதி வேலை மிச்சம்."

எல்லோரும் சிரித்தோம். இவரும் சிரித்தார். ராஜி அடுத்த படத்துக்குப் போனாள் — இடையில் விட்டவர்களைத் திரும்பக் கூட்டிவருவது.

இவர் புட்டுக்குள் இருந்து தலையை நிமிர்த்தினார். எவ்வளவு காலத்துக்கு முன்பு விட்ட ஆட்கள் என்று கேட்டார். அதற்குக் கணக்கில்லை அண்ணா என்றாள் ராஜி. வயது எல்லை உண்டா என்றார். அதுவும் இல்லை என்றாள். இவர் ஒரு 'ம்' போட்டார். பிறகு பாதிப் புட்டோடு எழுந்துபோய், யாரும் சாப்பிட்டு முடிக்காத நேரத்தில் பாத்திரம் கழுவத் தொடங்கினார்.

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? குழம்பில் உப்புக் கூடிவிட்டது என்று தோன்றியது. ரகசியமாக ருசி பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

மறுநாள் காலைதான் அந்த 'சும்மா ஒருக்காப் பாப்பம்'.

திரும்பவும் திறந்த நாளுக்கு வருகிறேன். பச்சை டீ-சேர்ட் மாணவன் எங்களை மண் ஆய்வுகூடத்துக்குக் கூட்டிப்போனான். தட்டுத் தட்டாக மண் — கறுப்பு, சிவப்பு, சாம்பல். தொட்டுப் பார்க்கலாம் என்று அபியிடம் ஒரு தட்டை நீட்டினான். அவள் அன்றைக்குத்தான் நகத்துக்குப் பூசியிருந்தாள். மெர்சி என்று பிரெஞ்சில் மரியாதையாக நன்றி சொல்லி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

இவர் கேட்கத் தொடங்கினார். பின்னேர வகுப்பு இருக்கிறதா? வருடத்துக்கு ஒரு பாடம், இரண்டு பாடம் என்று மெல்ல மெல்லப் படிக்க விடுவார்களா? வயலில் செய்கிற பயிற்சியைச் சனி, ஞாயிறில் செய்யமுடியுமா? முழுநேர வேலை பார்க்கிற ஒருவருக்கு இது சரிவருமா?

பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு எதற்கு முழுநேர வேலை? பாவம் அந்த மாணவன். ஒவ்வொரு பதிலையும் அபியைப் பார்த்தே சொன்னான். அவளும் தலையாட்டிக்கொண்டே நின்றாள், பூட்டின் ஞாபகத்தில்.

இவருடைய ஆங்கிலம் வேலைத்தள ஆங்கிலம். ஏற்று, இறக்கு, நில், கவனம் — அதற்கு மேல் தேவைப்பட்டதில்லை. அன்றைக்கு ஒவ்வொரு கேள்வியையும் முழு வசனமாகக் கேட்டார். முன்கூட்டியே பாடமாக்கிக்கொண்டு வந்த வசனங்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கடைசியாக ஒன்று கேட்டார். வேறு ஒரு நாட்டில், கன காலத்துக்கு முன்பு, இதே படிப்பைத் தொடங்கி இடையில் விட்ட ஒருவர் இருந்தால்... அவர் திரும்பவும் தொடக்கத்தில் இருந்துதான் வரவேண்டுமா?

"அப்பா, நான் ஒண்டையும் இடையில விடேல்லையே" என்றாள் அபி.

அந்தப் பையனுக்கு முதலில் விளங்கிவிட்டது. வெள்ளைக்காரப் பையன், அபியைவிட ஓரிரண்டு வயது கூட இருப்பான். முதல்தடவையாக அபியை விட்டுவிட்டு இவர் பக்கம் திரும்பினான். குரலைத் தணித்துக்கொண்டு, இது உங்களுக்காகவா சேர் என்று கேட்டான்.

இவருடைய முகம் எப்படி மலர்ந்தது என்று நான் பார்த்தேன். உடனே அது எப்படி மூடிக்கொண்டது என்றும் பார்த்தேன்.

"நோ, நோ" என்றார். "ஃபோர் மை டாட்டர்."

பேச்சு முடிந்தது. மாணவனுக்கு நன்றி சொன்னோம். பூட்டின் வாங்கினோம். வயலோரம் வந்தபோது இவர் அன்றைக்குக் காரை ஊரவிடவில்லை. விறுவிறென்று ஓட்டிக்கொண்டு போனார்.

எனக்கு அப்போதுதான் ஐஸ்கிரீம் கடை ஞாபகம் வந்தது. அது கோடைகாலக் கடை. இலை உதிர்ந்தால் பூட்டிவிட்டுப் போய்விடுவார்கள். கடை பூட்டிய பிறகும் நாங்கள் சென்ட்-ஆனுக்குப் போனோமே... ஜனவரிக் குளிரில், ஹீட்டரைக் கூட்டிவிட்டு, வெறும் பனி மூடிய வயலைப் பார்த்துக்கொண்டு போனோமே. ஒவ்வொரு வருடமும் போனோமே. பக்கத்து சீட்டில் இருந்து நான் போனில் சமையல் குறிப்புப் பார்த்துக்கொண்டிருந்தேனே.

வீட்டுக்கு வந்ததும் இவர் கராஜுக்குள் போய்விட்டார். பனிக்கால டயரை எடுத்து வைக்கவேண்டுமாம். டயர் மாற்றி ஒரு கிழமை ஆகியிருந்தது.

அபி சமையலறைக்கு வந்து என் பக்கத்தில் நின்றாள். தமிழில் அவள் நீளமாகக் கதைப்பது குறைவு.

"அம்மா, நான் சின்னனில ஆரும் கதைச்சா அப்பாட காலுக்குப் பின்னால போய் ஒளிப்பன் என்ன?" என்றாள். "இண்டைக்கு அப்பா எனக்குப் பின்னால ஒளிச்சவர்."

சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். நான் வெங்காயம் வெட்டினேன். வெங்காயம் இருந்தது நல்லதாகப் போயிற்று.

உண்மையைச் சொன்னால் முதலில் கோபம்தான் வந்தது. ஒரே கூரை, ஒரே கட்டில், ஒரே கார். இந்த மனிதர் இவ்வளவு பெரிய ஆசையை எங்கே வைத்திருந்தார்? எனக்கு ஏன் சொல்லவில்லை? பிறகு யோசித்தேன். சொல்லியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று. அபியின் படிப்பு முடியட்டும் என்றிருப்பேனோ? தெரியாது. அவருக்கும் அது தெரியாததுதான் காரணமோ என்னவோ.

பின்னேரம் கூட்டம் முடிந்து ராஜி வந்தாள். நடந்ததைச் சொன்னேன். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவளுடைய அண்ணன் கம்பஸுக்குப் போன முதல்நாள் அவளுக்கு நல்ல ஞாபகமாம். வகுப்புகள் நின்று, அந்தக் கட்டடங்களுக்குள் அகதிகள் வந்து குடியேறியபோது, இவர் அங்கேயே போய்ச் சமையலுக்கு உதவினாராம். தான் பாடம் கேட்ட மண்டபத்தில் சோற்றுக் கிடாரம் இறக்கினாராம். இதையும் எனக்கு யாரும் சொன்னதில்லை.

"இண்டைக்கே கேக்கப்போறன்" என்றேன். "படிக்க விருப்பமோ, இல்லையோ எண்டு ரெண்டில ஒண்டு."

"அப்படிக் கேக்காதீங்க மச்சாள். இல்லை எண்டுதான் சொல்லுவார்."

ராஜி சொன்னதைக் கேட்டபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஐரோப்பாவிலும் கதை இதுதானாம். தாளில் எல்லாம் அழகாக இருக்கும். உரிமை இருக்கும், வகுப்பு இருக்கும், ஆசிரியர் இருப்பார். ஏற்கெனவே படித்தவர்கள்தான் மேலும் படிக்க ஓடி வருவார்கள். இடையில் விட்டவர் வாசல்வரை வந்து திரும்பிப் போய்விடுவார். அவளுடைய அலுவலகத்தில் இருந்து தொழிற்சாலைகளுக்கே போய் ஆட்களோடு கதைப்பார்களாம். ஆசை இருக்கிறவர்களும், எனக்கு வேண்டாம், என் மகனுக்கு ஏதாவது இருந்தால் சொல்லுங்கள் என்பார்களாம். டேனிஷ்காரர், துருக்கியர், நம்மவர் — எல்லோரும் ஒரே பதில். நம்மவர் கொஞ்சம் கூடுதல் சத்தமாகச் சொல்வார்களாம், அவ்வளவுதான் வித்தியாசம்.

"அப்ப நீங்கள் என்ன செய்வியள்?"

"விருப்பமோ எண்டு கேக்கமாட்டம். எந்த நாள் வசதி எண்டு கேப்பம்."

இரண்டு பேருமாக லேப்டாப்பைத் திறந்து பார்த்தோம். வயது வந்த பிறகு படிக்க வருகிறவர்களோடு கதைக்க அந்த வளாகத்தில் ஒரு ஆலோசகர் இருக்கிறார். செவ்வாயிலும் வியாழனிலும் நேரம் கொடுப்பாராம்.

மறுநாள் ஞாயிறு. ராஜியும் அபியும் வீட்டில் நின்றுவிட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் கோயிலுக்குப் போனோம். பூசை முடிந்து கார் வாசலுக்கு வந்தது. இடப்பக்கமா, வலப்பக்கமா? இவர் சிக்னல் போடாமலே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வலப்பக்கம் திரும்பினார். எனக்குப் போன மூச்சு வந்தது.

பலகை நடைபாதையில் ஒரு ஈ காக்கை இல்லை. படகுகளை ஏற்றிக் கட்டிவிட்டார்கள். ஐஸ்கிரீம் கடைக்குப் பலகை அடித்திருந்தது. வாங்குப் பலகையில் உட்கார்ந்தோம். குளிரில் மூக்கு ஒழுகியது. ஃபிளாஸ்கில் இருந்து தேத்தண்ணியை ஊற்றிக் கையில் கொடுத்துவிட்டு, காலநிலை கேட்பதுபோலக் கேட்டேன்.

"செவ்வாயோ வியாழனோ, எது வசதி உங்களுக்கு?"

எதற்கு என்று அவர் கேட்கவில்லை. நான் அதற்குத்தான் காத்திருந்தேன் — எதற்கு என்று கேட்பார், நான் சமாளிக்கவேண்டும் என்று. கேட்கவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். தேத்தண்ணி ஆறிப்போனது. ஆறிய தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்தார்.

"வியாழன்" என்றார்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கதைத்தார். இந்த நாட்டுக்கு வந்த புதிதில், யாரோ நண்பரோடு இந்தப் பக்கம் வந்தபோது, வயலுக்குள் மாணவர்கள் குனிந்து மண் எடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தாராம். அன்றைக்குக் காரில் இருந்து இறங்கமுடியவில்லையாம். பேந்து பேந்து, பிறகு பார்ப்போம் என்று, முதலில் ஊருக்குக் காசு, பிறகு சொந்தக்காரருக்கு ஸ்பொன்சர், பிறகு வீடு, பிறகு அபி... எல்லாம் முடிந்து பார்த்தால் தலை நரைத்துவிட்டது. வேலையிடத்தில் இப்போது ஆளில்லாமல் ஓடுகிற வண்டிகளைக் கொண்டுவந்து பழக்குகிறார்கள். இன்னும் எவ்வளவு காலத்துக்கு இந்த வேலை என்று தெரியாது. ஆனால் அதற்காக மட்டும் இல்லை என்றார்.

"வேலைக்கு மட்டும் எண்டா வேற ஏதும் பழகலாம். எனக்கு இதைப் படிச்சு முடிக்கவேணும் போல கிடக்கு. இந்த வயசில ஆசைப்பட வெக்கமா இருக்கப்பா. சனம் சிரிக்கும்."

சிரித்தால் சிரிக்கட்டும் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அவருடைய கையை எடுத்து என் ஜாக்கெட் பைக்குள் வைத்துக்கொண்டேன். குளிருக்கும் அது நல்லதுதானே.

வியாழக்கிழமை வேலையில் அரைநாள் லீவு போட்டார். பல்லுக்கும் செத்தவீட்டுக்கும் தவிர லீவு போடாத மனிதர். காரை எடுக்கும்போது அபியும் வந்து ஏறினாள். உனக்கு வகுப்பு இல்லையா என்று கேட்டேன்.

"நான் வராட்டி அப்பா ஆரைக் காட்டுவார்?" என்றாள்.

இவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எனக்குப் பங்கில்லை. ஆனாலும் நான்தான் அதிகம் சந்தோஷப்பட்டேன்.

ஆலோசகர் ஒரு நடுத்தர வயதுப் பெண். பொன்ஜூர், ஹாய் என்று வரவேற்று உட்காரவைத்தார். எங்கள் மூவரையும் பார்த்தார். பார்த்துவிட்டு — வேறு என்ன செய்வார் — அபியின் பக்கம் திரும்பி, எதில் ஆர்வம் என்று கேட்டார்.

அபி போனை எடுத்தாள். எழுந்து நாலடி தள்ளிப்போய், இவர்கள் யாரோ நான் யாரோ என்கிற முகத்தோடு சன்னலோரம் நின்றாள். பரம்பரைப் பழக்கம் ஒருநாளாவது உதவியதே.

என் வாய் துருதுருத்தது. கேள்வி கேட்பதும் பதில் சொல்வதும் என் வேலை அல்லவா? பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். வாசகர்களே, இந்தப் பத்தியை இத்தனை காலம் வாசிக்கிற உங்களுக்குத் தெரியும், எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று.

இவர் தொண்டையைச் செருமினார். முழங்காலில் இருந்த கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்தார்.

"மீ" என்றார். "இட்ஸ் ஃபோர் மீ."

அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, கதிரையை இவர் பக்கமாக முழுதாகத் திருப்பினார். அதன்பிறகு நானும் அபியும் அந்த அறையில் இருந்தோமா என்றே அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

இன்னும் ஒன்றும் முடிவாகவில்லை. ஊரில் படித்தது ஏதும் கணக்கில் சேருமா என்று பார்க்கவேண்டும். அதற்கு இன்னொரு நேர்முகம். வேலையில் ஷிஃப்ட் மாற்றித் தரவேண்டும். எல்லாம் சரிவந்தால் குளிர்காலத்தில் முதலில் ஒரே ஒரு பாடம், பின்னேரத்தில். இந்த வேகத்தில் போனால் அபி அனிமேஷன் முடித்து, வேலைக்குப் போய், கலியாணமும் கட்டிவிடுவாள். இவர் அப்போதும் படித்துக்கொண்டிருப்பார். இடம் கிடைக்காமலும் போகலாம். ஆசையை ஒளித்துவைத்திருப்பது இந்த மனிதருக்குப் பழகிப்போயிருந்தது. வெளியே எடுத்துவைத்த பிறகு கிடைக்காவிட்டால்?

இதைப் பத்தியில் எழுதட்டுமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். நம்முடைய ஆட்களுக்கு எதுவும் சரிவரும்வரை வெளியே சொல்லக்கூடாது. வீடு வாங்குவதென்றாலும், விசா என்றாலும், பிள்ளைக்கு வேலை கிடைத்தது என்றாலும், கையில் வந்த பிறகுதான் மூச்சு விடுவோம். நாவூறு பட்டுவிடும். படிப்பும் அப்படித்தான்.

எழுதும், ஆனால் பெயரைப் போடாதையும் என்றார். போடவில்லை. அதனால் வருகிற ஞாயிறு கோயிலில் இவரைக் கண்டால், தயவுசெய்து ஒன்றும் தெரியாத மாதிரி இருங்கள். முடிந்தால் முருகனிடம் ஒரு சொல் சொல்லிவிடுங்கள்.

ஒன்றை மறந்துவிட்டேன். ஆலோசகரின் அறையை விட்டு வெளியே வரும்போது, வாசல் மேசையில் அதே இலவசப் பேனாக்கள். பழக்கதோஷத்தில் என் கை நீண்டது. அதற்குள் இவர் ஒன்றை எடுத்துத் தன் சட்டைப் பையில் குத்திக்கொண்டார்.